மண்ணைப் படித்த அறிஞர் கார்வர்

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்றதும் பலருக்கும் நிலக்கடலையே நினைவிற்கு வரும். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்பாரும் உளர், அஃது உண்மையன்று. அவர் ஆழ்ந்து கற்ற துறை பூஞ்சையியல் என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், 1864 ஆம் ஆண்டளவில், அடிமைத் தாய் ஒருத்தியின் மகனாகப் பிறந்தவர் கார்வர். கொள்ளையர் தாயையும் சேயையும் கடத்திச் சென்றனர். குழந்தை மட்டும் மீட்கப்பட்டது; அதற்கு ஈடாகக் குதிரை ஒன்று தரப்பட்டது என்பர். தாய் திரும்பவேயில்லை. அண்மையிலிருந்த பள்ளி வெள்ளையர் பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தமையால், நியோஷோ என்னும் ஊருக்குச் சென்று கற்றார். பிறர் வீடுகளில் துணி வெளுத்தும் சமைத்தும் பிழைத்தார். கான்சாஸ் மாநிலத்துக் கல்லூரி ஒன்று அவருக்கு இடமளித்தது. நேரில் அவர் நிறத்தைக் கண்டதும் கதவை அடைத்தது. அந்த வேதனையை நம் மக்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

1891 இல் அயோவா வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்குப் பயின்ற முதற் கறுப்பின மாணவர் அவரே. பேராசிரியர் லூயி பாமலிடம் பயிர்நோய்ப் பூஞ்சைகளைத் திரட்டி ஆராயக் கற்று, 1896 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே புக்கர் வாஷிங்டனின் அழைப்பை ஏற்று, அலபாமாவிலுள்ள டஸ்கிகீ நிறுவனத்திற்குச் சென்றார். ஆய்வுக் கருவிகள் இல்லை. குப்பையில் கிடந்த புட்டிகளைக் கொண்டே கருவிகள் செய்துகொண்டார்.

அடிமைத்தளை அறுந்தும் கடன்தளை அறாத வாரக் குடியானவர்கள், அங்கே பருத்திக்குப் பின் பருத்தியே பயிரிட்டு வந்தனர். நிலம் சத்திழந்தது. ஒரே பயிரை இட்டுவர, அதன் வேரைத் தாக்கும் பூஞ்சையும் மண்ணிற் பெருகும். பருத்தி வாடல் நோய்க்குக் காரணமான ஃபியூசேரியம் பூஞ்சையை அட்கின்சன் என்பார் அதே அலபாமாவில் 1892 இலேயே விவரித்திருந்தார். தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி, நிலக்கடலை எனப் பயிரை மாற்றுமாறு கார்வர் வலியுறுத்தினார். உரம் வாங்க வழியற்றோர்க்குக் காட்டுச் சருகையும் சதுப்புநிலச் சேற்றையும் மட்க வைத்து இடக் கற்பித்தார். 1905 இல் நலிந்த நிலத்தை வளப்படுத்துவது பற்றிச் சிறுநூல் வெளியிட்டார். 1906 இல் குதிரை வண்டியிற் கருவிகளை ஏற்றி, கல்வி உழவர் வாயிலுக்கே செல்லுமாறு செய்தார்.

சருகை மட்கச் செய்வதில் பூஞ்சைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. வேறு சில பூஞ்சைகள் வேரோடு உறவு கொண்டு, தம் நுண்ணிழைகளால் தொலைவிலுள்ள மணிச்சத்தை ஈர்த்துத் தந்து, பயிரிடமிருந்து சர்க்கரையைப் பெறுகின்றன. இவ்வுறவிற்கு 1885 இல் பெயர் சூட்டியவர் ஜெர்மானியரான ஃபிராங்க். டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சையோ பகைப் பூஞ்சையின் இழையைச் சுற்றி வளைத்து அழிக்கும். உணவுக்கும் இடத்திற்கும் போட்டியிடும். வைண்ட்லிங் 1932 இல் இதனை எடுத்துக்காட்டினார். இன்று நம் உழவரும் இதனை விதையிற் கலந்து விதைக்கின்றனர். எனினும் பயிர் மாற்றத்தால் எல்லா நோயும் நீங்கும் என நாம் எண்ணலாகாது. ஃபியூசேரியத்தின் உறங்குவித்துகள் பல்லாண்டு மண்ணில் உயிரோடிருக்கும்; கடலையின் தண்டழுகற் பூஞ்சை பற்பல பயிர்களையும் பற்றும்.

1935 இல் அமெரிக்க வேளாண் துறை தன் பயிர்நோய்க் கணக்கெடுப்பில் கார்வரை இணைத்துக்கொண்டது. டாஃப்ரினா கார்வெரி என்னும் பூஞ்சை அவர் பெயர் தாங்கியது. தம் வாழ்நாட் சேமிப்பை டஸ்கிகீயின் ஆராய்ச்சி அறக்கட்டளைக்கே அளித்தார். 1943 சனவரி 5 இல் மறைந்த அவரைப் புக்கர் வாஷிங்டனின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்தனர்.