கோட்டையை விட்டார், குட்டி மீனில் வாழ்கிறார்!

கப்பி என்றதும் ரோட்டில் கொட்டும் கப்பிக் கல் நினைவுக்கு வரும். கிணற்றடிக்காரருக்குக் கிணற்றுக் கப்பி நினைவுக்கு வரும். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வீட்டிலோ கப்பி என்றால் மீன். வாலிலே வானவில்லை விரித்துக்கொண்டு துள்ளி ஓடும் சின்னஞ்சிறு மீன்!

உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். அவர் ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி.

தாத்தாவின் ஆசை

கப்பி 1836-ம் ஆண்டில் லண்டனில் பிறந்தார். பெற்றோர் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடில் குடியேறினர். பையன் இங்கிலாந்தில் தாத்தா, பாட்டியிடம் வளர்ந்தான். அவர்கள் வசித்தது கின்னர்ஸ்லி என்ற பழைய கோட்டையில். தமக்குப் பின் பேரனே அதைக் கட்டிக் காக்க வேண்டும் என்பது தாத்தாவின் ஆசை.

பேரனுக்கோ அதில் நாட்டம் இல்லை. 18 வயதில் கோட்டையை விட்டு வெளியேறினார். கப்பல் ஏறினார்.

1856-ல் நியூசிலாந்துக் கரையருகே கப்பல் உடைந்தது. உயிர் தப்பிய கப்பி, அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரி மக்களோடு சுமார் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். பிறகு பெற்றோர் இருந்த டிரினிடாடுக்குப் போய்ச் சேர்ந்தார்.

லண்டனுக்குப் போன மீன்

அங்கே பள்ளிக்கூடங்களை மேற்பார்வையிடும் அதிகாரி ஆனார். உத்தியோகம் அது, ஆசை வேறு. நத்தை, கிளிஞ்சல், கல்லாகிப் போன பழங்கால உயிர்கள் இவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். முறைப்படி விஞ்ஞானம் படித்தவர் அல்ல. ஆனாலும் விஞ்ஞானிகள் மதிக்கும் கட்டுரைகளை எழுதினார்.

1866-ல் அத்தீவின் சிறு மீன்கள் சிலவற்றை லண்டன் பொருட்காட்சிசாலைக்கு அனுப்பினார். அங்கிருந்த ஆல்பர்ட் குந்தர் என்ற விஞ்ஞானி, அனுப்பியவர் பெயரையே மீனுக்குச் சூட்டினார்.

ஆனால் நடந்தது என்ன? வெனிசுலா நாட்டில் கிடைத்த அதே மீனுக்கு, ஜெர்மனியைச் சேர்ந்த பீட்டர்ஸ் என்பவர் 1859-லேயே பெயர் வைத்துவிட்டிருந்தார்! முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது விஞ்ஞான விதி. ஆகவே, புத்தகத்தில் கப்பியின் பெயர் அடிபட்டுப் போயிற்று. இன்று அதன் விஞ்ஞானப் பெயர் பொசிலியா ரெட்டிகுலேட்டா.

மீன் வளர்ப்பவர்களோ கப்பியை விடவில்லை. 1908 வாக்கில் அந்த மீன் ஐரோப்பிய வீட்டுத் தொட்டிகளுக்கு வந்தது. கூடவே பெயரும் வந்தது.

குட்டி போடும் மீன்

இந்த மீன் முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை பத்து, இருபது, சில சமயம் அதற்கும் மேலே! ஆண் ஒன்றரை அங்குலம், அழகெல்லாம் அதற்குத்தான். பெண் சற்றுப் பெரிது, நிறம் குறைவு.

பெற்ற தாயே குட்டியைத் தின்றுவிடும். ஆகவே தொட்டியில் நீர்ச் செடிகள் அடர்த்தியாக இருக்க வேண்டும். குட்டிகள் ஒளிந்து பிழைக்கும். வேறு தொட்டிக்கு மாற்றினால் இன்னும் நல்லது. மருந்து கலந்த குழாய்த் தண்ணீரை உடனே ஊற்றக்கூடாது.

தந்தையின் வண்ணங்களில் சில மகனுக்கு மட்டுமே இறங்குகின்றன. டென்மார்க் விஞ்ஞானி விங்கே 1922-ல் இந்த மீனை வளர்த்தே அதைக் கண்டு சொன்னார்.

கொசுப் புழுவைத் தின்னும் என்று பல நாடுகளில் இதைக் குளம் குட்டைகளில் விட்டார்கள். சில இடங்களில் இது பெருகி உள்ளூர் மீன்களுக்கே தொல்லையாயிற்று. தொட்டி மீன் தொட்டியோடு இருப்பதே நல்லது.

1916-ல் டிரினிடாடிலேயே கப்பி காலமானார். கோட்டையில் இருந்திருந்தால் அவரை அந்த ஊர் மட்டும் அறிந்திருக்கும். இன்று மீன் கடைக்குப் போகும் சிறுவன்கூட, யார் பெயர் என்று தெரியாமலே அவர் பெயரைச் சொல்லித்தான் மீன் கேட்கிறான்.