ராபர்ட் புரூஸ் ஃபூட்

ராபர்ட் புரூஸ் ஃபூட் (செப்டம்பர் 22, 1834 – டிசம்பர் 29, 1912) பிரித்தானிய நிலவியலாளரும் தொல்லியலாளரும் ஆவார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வுக்கு இவர் முன்னோடியாகக் கருதப்படுகிறார். தமது பிற்கால வாழ்வைச் சேலம் மாவட்டத்தில் சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டில் கழித்தார்.

பணியும் குடும்பமும்

இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் பிறந்த ஃபூட், 1858 டிசம்பரில், தமது 24ஆம் வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்டார். சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென் ஆற்காடு மாவட்டப் பகுதிகளின் பாறை அமைப்பைப் பற்றி இவரும் வில்லியம் கிங்கும் எழுதிய அறிக்கை 1864இல் வெளிவந்தது. தென்னிந்தியாவின் தார்வார் பாறைத் தொகுதியைத் தனியாக இனங்கண்டு பெயரிட்டவரும் இவரே.

இவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழாக்கிய இவர், பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றி, 1882இல் ஏற்காட்டில் காலமானார்.

பல்லாவரம் கண்டுபிடிப்பு

1859இல்தான் ஐரோப்பிய அறிஞர்கள் பிரான்சில் கிடைத்த கற்கோடரிகளை மிகப் பழங்கால மனிதனின் ஆக்கங்கள் என ஏற்றனர். அச்செய்தியை அறிந்திருந்த ஃபூட், 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகில் பல்லாவரத்தில், சரளைக்கல் தோண்டிய குழியொன்றில் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது பழைய கற்காலக் கருவி. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் கிங்கும் கொசத்தலையாற்றுப் பகுதியிலுள்ள அதிரம்பாக்கத்தில் இத்தகைய கருவிகள் பலவற்றைக் கண்டனர். இந்தியாவில் மனித வரலாறு எழுத்துச் சான்றுகளுக்கு எவ்வளவோ முற்பட்டது என்பது இதனால் தெரியவந்தது. எவ்வளவு முற்பட்டது என்று கணக்கிடும் வழி அன்று இல்லை. அதிரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்ற முடிவு 2011இல்தான் வெளியிடப்பட்டது.

ஃபூட் ஊதியம் பெற்றது பாறைகளை ஆராய்வதற்கே. கற்கருவிகளைத் தேடியது அவரது சொந்த ஆர்வம். எனினும் ஒவ்வொரு கருவியும் எந்த ஊரில், எந்த மண் அடுக்கில் கிடைத்தது என்று நிலவியலாளருக்குரிய ஒழுங்குடன் குறித்து வைத்தார். கிடைத்த இடம் தெரியாத கற்கருவி ஆய்வாளருக்கு அதிகம் பயன்படாது. அவரது சேகரிப்பின் மதிப்பு இக்குறிப்புகளில்தான் இருக்கிறது.

ஏற்காட்டு ஆண்டுகள்

1891இல் ஓய்வு பெற்ற பின் பரோடா, மைசூர் மன்னராட்சிகளுக்காகவும் நிலவியல் பணி செய்தார். ஏற்காட்டில் குடியமர்ந்து, நாற்பதாண்டுச் சேகரிப்பை ஒழுங்குபடுத்தினார். சேர்வராயன் மலையிலேயே புதிய கற்காலத்தைச் சேர்ந்த, வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட கற்கோடரிகள் கிடைத்தன. அவற்றுள் சில, மலைவாழ் மக்களின் சிறு கோயில்களில் வழிபாட்டுப் பொருள்களாக இருந்தவை.

தனியார் சேகரிப்புகள் உரிமையாளரின் மறைவுக்குப் பின் சிதறிப்போவது வழக்கம். ஃபூட்டின் சேகரிப்புக்கு அந்நிலை நேரவில்லை. 1851இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் அதனை விலைக்கு வாங்கியது. நானூறுக்கும் மேற்பட்ட இடங்களில் திரட்டிய அப்பொருள்களுக்கு விரிவான பட்டியலை ஃபூட்டே எழுதினார். ஆனால் அவர் அதனை அச்சில் பார்க்கவில்லை. அருங்காட்சியகம் அதனை 1914, 1916 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டது.

பழைய கற்காலத்திற்கும் புதிய கற்காலத்திற்கும் இடையே மனிதரே வாழாத நீண்ட இடைவெளி இருந்தது என்று ஃபூட் கருதியது சரியன்று. இடைக்கற்காலம் பற்றிய பிற்கால ஆய்வுகள் அதனை மறுத்தன. திருநெல்வேலித் தேரிப் பகுதியில் அவரே திரட்டிய சிறு கற்கருவிகள் அக்காலத்தைச் சேர்ந்தவையே என்பது வியப்புக்குரியது.

மறைவு

1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் ஃபூட் காலமானார். உடல் எரியூட்டப்பட்டு, சாம்பல் ஏற்காட்டின் தூய திரித்துவ ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.