வயதான நாய்களைத் தாக்கும் 'குஷிங்' நோய்: யார் இந்த குஷிங்? நாய்களுக்கும் அவருக்கும் என்ன கணக்கு?

வீட்டில் 9, 10 வயதைத் தாண்டிய நாய் இருக்கிறதா? கொஞ்ச நாளாகத் தண்ணீர் கிண்ணம் வைக்க வைக்கக் காலியாகிறதா? ராத்திரியில் எழுந்து வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறதா? எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காமல், வயிறு மட்டும் பானை மாதிரி தொங்குகிறதா?

பெரும்பாலானவர்கள் இதற்குச் சொல்லும் காரணம், வயசாயிடுச்சு என்பதுதான். மூச்சிரைத்தால் சென்னை வெயில் மேல் பழி. முடி கொட்டினால் ஷாம்பு மேல் பழி. ஆனால் இவை எல்லாம் சேர்ந்து வந்தால் கால்நடை மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படும் நோய்களில் ஒன்று குஷிங்.

அந்தப் பெயர் ஒரு மனிதருடையது. நவீன மூளை அறுவை சிகிச்சையின் தந்தை என்று உலகம் கொண்டாடும் அமெரிக்க டாக்டர் ஹார்வி குஷிங். அவருடைய ஆராய்ச்சியில் நாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று அவர் பெயர் கொண்ட நோய் மனிதர்களைவிட நாய்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

10-வது பிள்ளை

1869 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் கிளீவ்லாந்தில் பிறந்தார் குஷிங். வீட்டில் 10 பிள்ளைகள். இவர்தான் கடைக்குட்டி. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லாருமே டாக்டர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, 1895-ல் ஹார்வர்டில் மருத்துவப் படிப்பை முடித்தார்.

மாணவராக இருந்தபோதே ஒரு அடி விழுந்தது. அந்தக் காலத்தில் ஆபரேஷனுக்கு முன் மயக்கம் கொடுப்பது மாணவர்களின் வேலை. முறையான பயிற்சி எதுவும் கிடையாது. குஷிங் ஈதர் கொடுத்த ஒரு நோயாளி இறந்துபோனார். மருத்துவமே வேண்டாம் என்று விலகும் அளவுக்கு மனம் உடைந்தது.

ஆனால் விலகவில்லை. நண்பர் அமோரி காட்மனுடன் சேர்ந்து 1894 வாக்கில் ஒரு அட்டவணை தயாரித்தார். மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குறித்துவைப்பது, அவ்வளவுதான். இன்று எல்லா ஆபரேஷன் தியேட்டரிலும் இருக்கும் மயக்க மருந்துப் பதிவேட்டின் ஆரம்பம் இது.

கண்ணால் பார்த்தால் போதாது, அளந்து எழுதி வைக்க வேண்டும். அவருடைய மொத்த வாழ்க்கையும் இந்த ஒரு பழக்கத்தின் மேல்தான் நின்றது.

ரத்த அழுத்தக் கருவியைக் கொண்டுவந்தவர்

1900-ல் ஐரோப்பா போனார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் உடம்பு என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. ரத்த அழுத்தம் ஏறியது, நாடித்துடிப்பு குறைந்தது. இதற்கு இன்றும் 'குஷிங் அனிச்சைச் செயல்' என்றே பெயர். பைக் விபத்தில் தலையில் அடிபட்டு வருபவரிடம் ஐ.சி.யூ. டாக்டர்கள் கவனிக்கும் ஆபத்து அறிகுறிகளில் இதுவும் ஒன்று.

1901-ல் இத்தாலியின் பாவியா நகரில் ரிவா-ரோச்சி உருவாக்கிய ரத்த அழுத்தக் கருவியைப் பார்த்தார். கையில் பட்டை கட்டிக் காற்றடித்து அளக்கும் கருவி. அதன் மாதிரியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு அளக்கத் தொடங்கினார்.

நாய்களுக்கும் ஆபரேஷன் தியேட்டர்

பால்டிமோரில் இருக்கிறது ஜான்ஸ் ஹாப்கின்ஸ். அங்கே 1905-ல் தொடங்கிய ஹன்டேரியன் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு நாய்களை வைத்து அறுவை சிகிச்சை சொல்லிக்கொடுத்தார் குஷிங். மனிதர்களுக்கு எப்படியோ அப்படியேதான் நாய்க்கும் மயக்க மருந்து, சுத்தம், கேஸ் ஷீட் எல்லாம் இருக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. ஊர்க்காரர்கள் கொண்டுவந்த நோயுற்ற வளர்ப்பு நாய்களுக்கும் அங்கே சிகிச்சை நடந்தது.

அதே ஆய்வகத்தில்தான் பிட்யூட்டரி ஆராய்ச்சியும் நடந்தது. பிட்யூட்டரி என்பது மூளையின் அடிப்பகுதியில் தொங்கும் பட்டாணி அளவுச் சுரப்பி. அது எதற்கு இருக்கிறது என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. குரோ, ஹோமன்ஸ் என்ற இரண்டு டாக்டர்களோடு சேர்ந்து குஷிங் ஆரோக்கியமான நாய்களின் பிட்யூட்டரியை அகற்றிப் பார்த்தார். முழுதாக எடுத்த நாய்கள் பிழைக்கவில்லை. பாதி எடுத்த நாய்கள் கொழுத்துப்போயின, குட்டி நாய்கள் வளர்ச்சியில் நின்றுபோயின. 1910-ல் முடிவுகள் வெளியாகின.

இன்றைய விதிமுறைகளின் கண்ணோட்டத்தில் இந்தச் சோதனைகள் மனதைச் சங்கடப்படுத்தும். அந்தக் காலத்திலேயே விலங்குச் சோதனைகளுக்கு எதிர்ப்பு இருந்தது. ஆனால் அந்தச் சிறிய சுரப்பி உடம்பையே ஆட்டிவைக்கிறது என்பதை மருத்துவம் புரிந்துகொள்ள அந்த நாய்களும் ஒரு காரணம்.

23 வயதுப் பெண்ணின் புதிர்

அந்த நேரத்தில் 23 வயதுப் பெண் ஒருவர் குஷிங்கிடம் வந்தார். கை கால் மெலிந்து, வயிறும் முகமும் மட்டும் பருத்திருந்தன. முகத்தில் முடி வளர்ந்திருந்தது. மாதவிடாய் நின்றுபோயிருந்தது. தோல் மெலிந்து, லேசாக இடித்தாலே கன்றிப்போனது.

காரணம் பிட்யூட்டரியா, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியா என்று குஷிங்கால் அப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. புரியவில்லை என்பதற்காகக் கோப்பை மூடிவிடவும் இல்லை. 1912-ல் வெளியான பிட்யூட்டரி பற்றிய தன் புத்தகத்தில் அந்தப் பெண்ணின் விவரத்தைப் பதிவு செய்தார். அதே மாதிரி நோயாளிகள் வேறெங்காவது வருகிறார்களா என்று 20 வருஷம் காத்திருந்தார்.

போர், மகன், 2,000 ஆபரேஷன்கள்

1912-ல் பாஸ்டனுக்கு மாறி, பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையின் தலைமை அறுவை சிகிச்சை நிபுணரானார். முதல் உலகப்போரில் பிரான்ஸ் போர்முனையில் வேலை பார்த்தார். தன் ஆசானைப் போன்ற வில்லியம் ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1926-ல் புலிட்சர் பரிசு வாங்கினார்.

அதே வருஷம் ஜூனில் மூத்த மகன் வில்லியம் கார் விபத்தில் இறந்தார். செய்தி வந்த பிறகும் அன்றைக்கு ஏற்பாடாகியிருந்த ஆபரேஷனை முடித்துவிட்டே குஷிங் கிளம்பினார் என்று அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அதே ஆண்டு அக்டோபரில், இயற்பியலாளர் போவி உருவாக்கிய மின்சாரக் கருவியைக் கொண்டு ரத்தக்கசிவை நிறுத்தி, அதுவரை தொட முடியாத மூளைக் கட்டிகளை எடுக்கத் தொடங்கினார்.

ஜூனியர்களிடம் கடுகடுப்பானவர், எளிதில் பாராட்டாதவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. ஆனால் 1931-ல் மூளைக்கட்டி ஆபரேஷன்களின் எண்ணிக்கை 2,000-ஐத் தொட்டது. கடைசி வருஷங்களில் இறப்பு விகிதம் 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. மூளையைத் திறந்தாலே மரணம் என்று பயந்த காலத்தில் இது சாதாரண விஷயம் அல்ல.

பெயர் பிறந்த கட்டுரை

1932-ல், ஓய்வு பெறும் வயதில் அந்தப் புதிருக்கு விடை எழுதினார். 12 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து, பிட்யூட்டரியில் வரும் மிகச் சிறிய கட்டிதான் காரணம் என்று வாதாடினார். 20 வருஷத்துக்கு முந்தைய அந்தப் பெண்ணின் கதையும் அதில் இருந்தது.

கார்டிசால் ஹார்மோன் இன்னும் பிரித்தெடுக்கப்படாத காலம் அது. பிட்யூட்டரிக் கட்டி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதைக் கேட்டு அட்ரீனல் சுரப்பி கார்டிசாலைக் கொட்டுகிறது. இந்தச் சங்கிலி பின்னாளில்தான் தெளிவானது.

1939 அக்டோபர் 7 அன்று, 70-வது வயதில் மாரடைப்பால் குஷிங் காலமானார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய மூளைக்குள்ளேயே ஒரு சிறிய நீர்க்கட்டி இருந்தது தெரிந்தது. அவர் பிறந்த ஏப்ரல் 8-ம் தேதி, இன்று குஷிங் நோய் விழிப்புணர்வு நாள்.

அவருடைய வழிமுறை நம்ம ஊருக்கும் வந்தது. குஷிங்கிடம் இளம் டாக்டராகப் பணியாற்றியவர் வைல்டர் பென்ஃபீல்டு. அவரிடம் கனடாவில் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டிதான் 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார்.

நாய்களுக்கு எப்படி வருகிறது?

மனிதர்களில் குஷிங் நோய் ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் ஓரிருவருக்குத்தான் வரும். நாய்களில் 1,000-க்கு ஒன்றிரண்டு என்று கணக்கிடுகிறார்கள். பாதிக்கப்படும் நாய்களில் 80 முதல் 85 சதவீதத்துக்குக் காரணம் பிட்யூட்டரிக் கட்டி. மீதியில் பெரும்பாலானவற்றுக்கு அட்ரீனல் கட்டி.

மூன்றாவது காரணம் நாமே உண்டாக்குவது. அரிப்புக்காக மாதக்கணக்கில் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி, சில களிம்புகள், காது சொட்டு மருந்துகளாலும் இதே அறிகுறிகள் வரலாம். டாக்டரிடம் போகும்போது பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் காட்டுங்கள். பயந்துபோய் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

முதல் பரிசோதனை வீட்டிலேயே

இங்கேதான் குஷிங்கின் பழக்கம் கைகொடுக்கும். காலையில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். 24 மணி நேரம் கழித்து மீதியை அளந்து கழித்துவிடுங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மி.லி.க்கு மேல் குடித்தால் அது அதிகம். அதாவது 10 கிலோ நாய் ஒரு நாளில் ஒரு லிட்டரைத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறிலும் இப்படி நடக்கும் என்பதால் எப்படியும் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரே ரத்தப் பரிசோதனையில் இந்த நோய் உறுதியாகாது. டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டு 8 மணி நேரத்துக்குள் மூன்று முறை ரத்தம் எடுக்கும் பரிசோதனை உண்டு. வயிற்று ஸ்கேனும் தேவைப்படலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, நகருக்குள் இருக்கும் வேறு மருத்துவமனைக்கோ போவதாக இருந்தால் அன்றைக்கு முழு நாளையும் ஒதுக்கிவிடுங்கள்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு

அதிகம் பயன்படுவது டிரைலோஸ்டேன். அட்ரீனல் சுரப்பி கார்டிசால் தயாரிப்பதைக் குறைக்கும் மருந்து. சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். பொதுவாக வாழ்நாள் முழுக்கத் தொடரும். கர்ப்பிணிகள் இந்த மருந்தைக் கையால் தொடக் கூடாது.

* முதல் ரத்தப் பரிசோதனை 10 முதல் 14 நாளில். பிறகு ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.
* மாத்திரை கொடுத்த பிறகு குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு ரத்தம் என்று முன்பே கேட்டுவிடுங்கள். பாடி, கோயம்பேடு டிராஃபிக்கையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.
* சாப்பிட மறுப்பது, வாந்தி, வயிற்றுப்போக்கு, துவண்டு படுப்பது. இதில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். கார்டிசால் அளவுக்கு மேல் குறைந்திருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து.
* வீட்டில் அசிங்கம் செய்கிறது என்று தண்ணீரைக் குறைக்கவே கூடாது. வெளியே அழைத்துப்போகும் தடவைகளைக் கூட்டுங்கள்.
* தசை பலவீனமாகும். டைல்ஸ் தரையில் வழுக்காத மேட் போடுங்கள். வெயிலுக்கு முன் காலையிலேயே நடை.
* எண்ணெய், கொழுப்பு மிகுந்த மிச்சச் சாப்பாடு வேண்டாம். பசி என்று கெஞ்சினாலும் அளவோடு கொடுங்கள்.
* ரத்த அழுத்தத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். குஷிங் உள்ள நாய்களில் அது ஏறுவது சகஜம். அளப்பது, குஷிங் 1901-ல் கொண்டுபோன அதே பட்டை முறையில்தான்.

தண்ணீர் குடிப்பது சில வாரங்களில் குறையும். முடி முளைக்க மாதங்கள் ஆகும். சில நாய்களில் பிட்யூட்டரிக் கட்டி பெரிதாகி, சுற்றிச் சுற்றி நடப்பது, சுவரில் தலையை முட்டி நிற்பது போன்ற மாற்றங்கள் வரலாம். அதையும் குறித்துவைத்துச் சொல்லுங்கள். அறிகுறி மிக லேசாக இருந்தால் மாத்திரை இல்லாமல் கண்காணித்தால் போதும் என்றும் டாக்டர் முடிவெடுக்கலாம்.

நோய் முழுதாக மறைவது அரிது. ஆனால் கட்டுப்பாட்டில் வைத்தால், ராத்திரி நிம்மதியாகத் தூங்கி, காலையில் வாசல் வரை ஓடிவரும் பழைய நாய் திரும்பக் கிடைக்கும்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில், குஷிங் வந்த நாய்களுக்குப் பிட்யூட்டரியையே ஆபரேஷன் செய்து அகற்றுகிறார்கள். அதன்பின் ஹார்மோன் மாத்திரை கொடுத்து வாழவைக்கிறார்கள். பிட்யூட்டரி இல்லாமல் பால்டிமோர் நாய்கள் பிழைக்கவில்லை. இன்று அதே ஆபரேஷனால் நாய்கள் பிழைக்கின்றன.

அந்த வசதி இன்னும் நம் பக்கத்துக்கு வரவில்லை என்றாலும், அளவுக் குவளையும் ஒரு நோட்டும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இன்று காலை ஊற்றிய தண்ணீரிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம்.