வில்லியம் கேரியும் செராம்பூரின் பொதுப் பணமும்

வேதாகமத்தைப் பல இந்திய மொழிகளில் கொண்டுவந்த மிஷனரி என்றே வில்லியம் கேரியை ஞாயிறு பாடசாலையில் அறிந்தோம். அவர் தொழில் நடத்தியவர் என்பதை எங்களுக்கு யாரும் அதிகம் சொல்லித் தரவில்லை. நீலச் சாய ஆலை, அச்சகம், காகித ஆலை, கட்டணப் பாடசாலை, சேமிப்பு வங்கி என்று அவரும் தோழரும் கைவைத்த தொழில்கள் பல.

தம்பலகாமத்தில் வாழும் பழைய மாணவிகளாகிய நாங்கள் சிலர், பெரும்போக நெல்லை வாங்கி, அரிசியும் மாவுமாக்கி விற்று, வரும் இலாபத்தில் விடுதிப் பிள்ளைகளுக்கு உதவலாம் என்று யோசித்து வருகிறோம். எங்களுள் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, ஆராதனைக்குப் போகிறவர்களும் உண்டு. பாடசாலை தந்த கிறிஸ்தவ நெறியிலேயே தொழில் நடக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்று. ஆனால் அந்த நெறி கணக்கேட்டில் எப்படி இறங்குவது? அந்தக் கேள்வியோடுதான் கேரியின் வாழ்க்கையைத் திரும்பப் படித்தோம்.

1761இல் இங்கிலாந்தின் போலர்ஸ்பரி என்ற கிராமத்தில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர் அவர். சப்பாத்துத் தைக்கப் பழகினார். பிறகு போதகரான போதும் வயிற்றுப்பாட்டுக்குச் சப்பாத்துத் தைத்தார், பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். 1792இல் அவர் வெளியிட்ட சிறுநூல் மிஷன் பணிக்கு ஒரு திட்டம். தூர தேசத்தோடு வியாபாரம் செய்ய ஒரு கம்பனி எவ்வளவு ஒழுங்காகக் கூடி, முதல் திரட்டி, ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறதோ, அதே ஒழுங்கு சுவிசேஷத்துக்கும் வேண்டும் என்பது அவர் வாதம். அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியச் சீனியை அப்போது பல குடும்பங்கள் கைவிட்டிருந்தன. அதனால் மிஞ்சும் காசையும் இதற்குத் தரலாமே என்று அவர் எழுதியது எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. பொருள் எங்கிருந்து வருகிறது என்பதும் அவர் கணக்கில் சேர்ந்தது.

அவ்வாண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி கெற்றரிங் என்ற ஊரில், ஒரு விதவைத் தாயாரின் வீட்டில், சங்கம் தொடங்கியது. அன்று வாக்களிக்கப்பட்ட தொகை 13 பவுண் 2 ஷில்லிங் 6 பென்ஸ்.

1793 நவம்பரில் கல்கத்தா வந்தார். கொண்டுவந்த பணம் விரைவில் கரைந்தது. 1794இல் முட்னாபட்டியில் ஒரு நீலச் சாய ஆலையை நடத்தும் வேலை கிடைத்தது. உடனே, இனி எனக்குப் பணம் அனுப்பத் தேவையில்லை என்று சங்கத்துக்கு அறிவித்தார். அவர்கள் மகிழவில்லை, வியாபாரத்தில் சிக்கிவிடாதீர் என்று எச்சரித்தார்கள். அது அவரை நோகச் செய்தது. உழைத்துச் சாப்பிடுகிறவரைப் பார்த்துத் தூரத்தில் இருப்பவர்கள் ஐயப்படுவது அன்றே தொடங்கிவிட்டது.

அந்த நாட்களின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. வர விருப்பமில்லாத மனைவி டொரத்தியை வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார். 1794இல் மகன் பீற்றர் இறந்தான். டொரத்தியின் மனம் பேதலித்தது. 1807இல் இறக்கும்வரை தேறவில்லை. எல்லாவற்றையும் திட்டமிட்ட மனிதர் தம் வீட்டைத் திட்டமிடவில்லை என்பதே எங்கள் எண்ணம்.

1799இல் யோசுவா மார்ஷ்மன், அவர் மனைவி ஹன்னா, அச்சுத் தொழில் தெரிந்த வில்லியம் வார்ட் ஆகியோர் வந்தார்கள். ஆங்கிலக் கம்பனி இடம் தராததால் டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த செராம்பூரில் தங்கினார்கள். 1800 ஜனவரியில் கேரியும் அங்கே சேர்ந்தார். எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை, ஒரே பணப்பெட்டி. எவரும் தமக்கென்று தனி வியாபாரம் செய்யக் கூடாது. யார் என்ன உழைத்தாலும் பொதுவில் சேரும்; குடும்பத் தேவைக்கு ஒரு சிறு தொகை மட்டும் திரும்பக் கிடைக்கும். சனிக்கிழமை மாலைகளில் கூடி, ஒருவர்மேல் ஒருவருக்கு உள்ள மனக்குறைகளைப் பேசித் தீர்த்தார்கள். 1805இல் தங்கள் நெறிகளை எழுதி, ஆண்டுக்கு மூன்று முறை வாசிக்க ஏற்பாடு செய்தார்கள்.

1801இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காளம் படிப்பிக்கக் கேரிக்கு மாதம் 500 ரூபா கிடைத்தது. பின்னர் அது 1,000 ஆயிற்று. அதுவும் பெட்டிக்கே போயிற்று. அச்சகத்தை வார்ட் பார்த்தார். பூச்சி அரிக்கும் உள்ளூர்க் காகிதத்துக்குப் பதிலாகத் தாங்களே காகிதம் செய்தார்கள். 1820இல் அதற்கு நீராவி இயந்திரமும் வந்தது.

ஹன்னாவைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். 1800 மே மாதம் அவரும் கணவரும் தொடங்கிய விடுதிப் பாடசாலைகள் சில ஆண்டுகளிலேயே மிஷனின் பெரிய வருமானமாயின. வசதியுள்ளோர் கட்டிய கட்டணம் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளையும் தாங்கியது. தாயின் கவனிப்பின்றித் திரிந்த கேரியின் பிள்ளைகளையும் அவரே அரவணைத்தார். எங்கள் அரிசி மாத் திட்டத்துக்கு அந்தப் பாடசாலையே கிட்டிய முன்மாதிரி என்று தோன்றுகிறது.

1812 மார்ச் 11ஆம் திகதி மாலை அச்சகம் எரிந்தது. தமிழ் உட்படப் பல மொழிகளின் அச்செழுத்துகளும், காகிதக் கட்டுகளும், கேரியின் கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. எழுத்து வார்க்கும் அச்சாணிகள் தப்பியதால் மறுபடியும் வார்த்தார்கள். செய்தி இங்கிலாந்தை எட்டியதும் இழப்புக்கு ஈடான பணம் திரண்டது. அதே ஆண்டில் செராம்பூரோடு சேர்ந்த சேற்றர் என்ற மிஷனரி கொழும்பில் பணி தொடங்கினார். மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கையில் இறங்கியது அதற்கு இரண்டு ஆண்டு கழித்தே.

புகழோடு சந்தேகமும் வந்தது. கேரியை நன்கு அறிந்த செயலாளர் ஃபுல்லர் 1815இல் இறந்தார். புதிதாக வந்த குழுவினர், செராம்பூரின் வீடும் நிலமும் யாருடையவை என்று கேட்டார்கள். மூத்தவர்கள் தம் குடும்பங்களை வளப்படுத்துகிறார்கள் என்றும் பேச்சு எழுந்தது. எங்கள் உழைப்பில் வாங்கினோம், பணிக்காகவே வைத்திருக்கிறோம் என்றார்கள் இவர்கள். இரு பக்கமும் தேவ பக்தி உள்ளவர்களே. ஆயினும் 1827இல் பிரிந்தார்கள். உள்ளே ஒருவருக்கொருவர் அவ்வளவு தெளிவாக எழுதி வைத்தவர்கள், வெளியே இருந்தவர்களோடு தொடக்கத்திலேயே உடைமையை அவ்வளவு தெளிவாக்கவில்லை. எங்கள் ஆலை யார் பெயரில் இருக்கும் என்பதைப் பேச நாங்கள் கூச்சப்பட்டதுண்டு. இதைப் படித்தபின் கூச்சம் போயிற்று.

1830இல் தொடங்கிக் கல்கத்தாவின் பெரிய வணிக நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. செராம்பூர் வைத்திருந்த பணமும் அவற்றோடு போயிற்று. கல்லூரிச் சம்பளமும் குறைந்தது. முதிய கேரி மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

1834 ஜூன் 9ஆம் திகதி இறந்தார். மூன்று ஆண்டு கழித்து மார்ஷ்மனும் போனார். ஹன்னா 1847வரை செராம்பூரிலேயே வாழ்ந்தார். கேரியின் மரண சாசனத்தில், செராம்பூரின் கட்டடங்களில் தமக்கு எந்த உரிமையும் இல்லை என்று எழுதியிருந்தது. சேர்த்து வைத்த சிப்பிகளும் கற்களும் கல்லூரிக்கு. மகன் ஜாபெஸுக்குக் கொடுக்க வேண்டிய 1,500 ரூபாவுக்குக் கையில் காசில்லை. புத்தகங்களை விற்றுக் கொடுக்கும்படி சொல்லியிருந்தார்.