கொல்லிமலை ஏறிய பாட்டி

சாமி பேரைச் சொல்லிட்டு நேர்மாறா நடக்கிறவங்களைப் பார்த்தா உங்களுக்குக் கோபம் வரும்தானே? அப்ப நம்ம நாமக்கல் பக்கம் வாழ்ந்த எவலின் பிராண்டைத் தெரிஞ்சுக்கங்க.

நீங்க 70 கொண்டை ஊசி வளைவு சுத்தி ஏறுற கொல்லிமலைக்கு அப்போ ரோடே கிடையாது. லண்டனில் வசதியான குடும்பம். 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டைக் கல்யாணம் செய்து, மலையிலேயே குடியேறினார். மருந்து கொடுத்தார்கள், பிரசங்கமும் செய்தார்கள். பல வருஷம் ஒருத்தர்கூட சபையில் சேரவில்லை. ஊர்ப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். அவரே காய்ச்சலில் விழுந்தபோது ஊர்க்காரங்க கிட்ட வரவில்லை. பார்த்துக்கிட்டது இவங்க ரெண்டு பேரும்தான். சாகும்போது தன் குழந்தைகளை இவங்ககிட்டதான் ஒப்படைத்தார். அதுக்கப்புறம்தான் மலைமக்கள் இவங்களை நம்ப ஆரம்பிச்சாங்க.

1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். மிஷன் எவலினைச் சமவெளிக்கு மாற்றியது. ரிட்டயர் ஆனதும் லண்டனுக்குப் போகவில்லை. அதே மலைக்குத் திரும்பினார். குதிரையில் ஊர் ஊராகப் போனார். நடை தளர்ந்ததும் ரெண்டு மூங்கில் தடி ஊன்றினார். 1974-ல், 95 வயசில் மறைந்தார். கணவர் பக்கத்திலேயே கல்லறை.

நீங்க எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, கும்பிடாட்டியும் சரி. உங்களை எதிர்த்தவர் படுத்த படுக்கையா கிடந்தா, அவர் வீட்டு வாசல் ஏறுவீங்களா?