ஜன்னலுக்கு மேல ஒரு ‘பெல்ட்’: செங்கல் வீட்டுக்குப் பாதுகாப்பு தேடிய ஜெய் கிருஷ்ணா!

திருத்தணியில் முருகன் கோயில் மலையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் செங்கல் வீடுகள்தான். அடுத்த முறை பாதி கட்டிய வீடு ஒன்றைக் கடந்தால் ஜன்னலுக்கு மேலே கவனிங்க. லிண்டல் கான்கிரீட் ஜன்னலோடு நின்றுவிடுகிறதா, இல்லை நாலு சுவரையும் சுற்றி ஓடுகிறதா? பூகம்பம் வந்தால் இந்தச் சின்ன வித்தியாசம் உயிரையே காப்பாற்றலாம். இதை இந்தியாவில் ஆய்வு செய்து, விதிமுறையாக்கப் பாடுபட்டவர்களில் முன்னோடி ஜெய் கிருஷ்ணா.

யார் இவர்?

1912-ல் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகரில் பிறந்தவர். ரூர்க்கியில் சிவில் பேராசிரியர். 1934-ல் பீகாரையும் 1950-ல் அசாமையும் பெரும் பூகம்பங்கள் உலுக்கியிருந்த காலம் அது. அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்துக்குப் போய் பூகம்பப் பொறியியலைக் கற்றுத் திரும்பியவர், அந்தத் துறைக்கென்றே 1960-ல் ரூர்க்கியில் ஒரு பயிற்சி, ஆராய்ச்சி மையம் உருவாக முன்னின்றார்.

சுவர் ஏன் விழுகிறது?

செங்கல் சுவர் மேலிருந்து வரும் எடையை நன்றாகத் தாங்கும். ஆனால் இழுத்தால் சட்டென்று விரிசல் விடும். அதன் நீளவாக்கில் தரை ஆடினால் ஓரளவு சமாளிக்கும். குறுக்குவாக்கில் ஆடினால்? நிற்க வைத்த புத்தகம் மாதிரி சாய்ந்துவிடும். முதலில் பிரிவது பெரும்பாலும் மூலைகள்தான். சுவர் போனால் கூரையும் கூடவே வரும்.

என்ன தீர்வு?

பணக்கார நாடுகளின் கட்டடங்களை அப்படியே காப்பியடித்தால் நம்ம ஊருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் சாதாரண செங்கல் சுவரையே பலப்படுத்தும் வழியை ஜெய் கிருஷ்ணாவின் குழு ஆராய்ந்தது. லிண்டல் மட்டத்தில் எல்லாச் சுவரையும் சுற்றி, கம்பி போட்ட கான்கிரீட் பட்டை. மூலைகளில் செங்குத்தாக இரும்புக் கம்பி. அவ்ளோதான். நாலு தனிச் சுவர்கள் ஒரே பெட்டியாகிவிடும். 1962-ல் நாட்டின் முதல் பூகம்ப விதிமுறையும், 1967-ல் கட்டுமான முறைகளுக்கான விதிமுறையும் வந்தன. 1972-ல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது.

நமக்கென்ன?

1993-ல் மகாராஷ்டிராவின் லாத்தூர் பகுதியில் கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தார்கள். வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைவு என்று குறிக்கப்பட்டிருந்த இடம் அது. மண் சாந்தில் அடுக்கிய கனமான கல் சுவர்கள் தூங்கியவர்கள் மேலேயே சரிந்தன. சுவர்களைப் பிணைக்கும் வித்தை ரூர்க்கியில் இருந்தது, கிராமத்துக் கொத்தனார் கைக்குத்தான் போய்ச் சேரவில்லை.

ஜெய் கிருஷ்ணா 1999-ல் மறைந்தார். 2001 செப்டம்பரில் புதுச்சேரி அருகே கடலில் ஏற்பட்ட 5.5 ரிக்டர் அதிர்வை சென்னையும் உணர்ந்தது. 2002-ல் திருத்திய வரைபடம் சென்னையை 2-ம் மண்டலத்திலிருந்து 3-ம் மண்டலத்துக்கு ஏற்றியது. அங்கிருந்து திருத்தணி சுமார் 85 கி.மீ.தான்.

பயப்பட வேண்டாம். வீடு கட்டுகிறீர்களா? டைல்ஸ் கலர் பற்றிப் பேசும் முன், லிண்டல் சுற்றி ஓடுகிறதா என்று மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. பூச்சு வேலை முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.