முடி சூடத் தடை!

பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். ஆண்டு 1809. ஊர், இன்றைய குமரி மாவட்டத்துச் சாமித்தோப்பு. பனையை நம்பிப் பிழைத்த எளிய நாடார் குடும்பம். பனையேறி பெற்ற பிள்ளைக்கு முடியா, பெருமாள் பட்டமா என்று மேல்சாதியினர் பொங்கி எழுந்தனர். பெயர், முத்துக்குட்டி என்று மாறிற்று. தலையில் அல்ல தோழர்களே, பெயரில்கூட முடி இருக்கக்கூடாதாம்! அந்த முத்துக்குட்டிதான் பின்னாளில் அய்யா வைகுண்டர்.

அன்று அந்த மண், திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. உழைப்பவன் உடம்பிலே உச்சி முதல் பாதம் வரை தடை! ஆண், தலைப்பாகை கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. பெண், பொன்நகை பூணக்கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பிலே வைக்கக்கூடாது. மார்பை மறைத்துத் தோளிலே சீலை போடவும் கூடாது!

பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுத்தவள் அவள். கூலியில்லா ஊழியத்துக்கு இழுக்கப்பட்ட குடும்பம் அவளுடையது. அவள் உழைப்பு வேண்டும். அவள் மானம் மட்டும் வேண்டாம். ஏன் இந்தத் தடை? துணிப் பஞ்சமா? இல்லை! பார்த்த மாத்திரத்தில் இவள் கீழானவள் என்று தெரிய வேண்டும். அதற்கு அவள் உடம்பே அடையாளச் சீட்டாக வேண்டும். அதுதான் நோக்கம்.

1822இல் தோள்சீலைப் போராட்டம் மூண்டது. கிறித்தவம் தழுவிய நாடார் பெண்கள் மேலாடை அணிந்தனர். தெருவிலும் சந்தையிலும் அது கிழித்தெறியப்பட்டது. 1829இல் அரச ஆணையே வந்தது: தோள்சீலை அணிய இவர்களுக்கு உரிமை இல்லை என்று!

இந்த நெருப்பின் நடுவே வளர்ந்தவர் முத்துக்குட்டி. 1833இல் நோயுற்றுத் திருச்செந்தூர் சென்றார். கடலில் மூழ்கி, வைகுண்டராக எழுந்து வந்தார் என்பது அடியார்களின் நம்பிக்கை. எழுந்தவர் என்ன செய்தார்? அதுதான் நமக்குப் பாடம். எந்தத் தலைக்குத் துணி மறுக்கப்பட்டதோ அந்தத் தலையிலே தலைப்பாகை கட்டச் சொன்னார். தலைப்பாகையோடுதான் வழிபட வேண்டும் என்றார். பல சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க முத்திரிக்கிணறு அமைத்தார். கடலோரத்து வாகைப்பதியிலே எழுநூறு குடும்பங்களைக் கூட்டி, நாள்தோறும் குளித்து, துவைத்த துணி உடுத்தி, உடன் அமர்ந்து உண்ணப் பழக்கினார். அழுக்கன் என்று ஏசிய வாய்களுக்கு அதுவே பதில்!

அரசு சும்மா இருக்குமா? சுவாதித் திருநாள் மன்னரின் ஆட்கள் அவரைப் பிடித்துச் சென்று திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தனர். உடல் சிறைப்பட்டது, கட்டிய தலைப்பாகை அவிழவில்லை. விடுதலையாகி வந்தவர், முன்னிலும் உறுதியாக நின்றார்.

அவர் வழிவந்த பதிகளிலே இன்றும் கருவறையில் ஒரு கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகை கட்டி வந்தவன் அதிலே காண்பது தன்னைத்தான்! இழிந்த உடம்பு என்று ஊரே சொன்ன அந்த உடம்பிலேதான் இறைவன் இருக்கிறான் என்றது அந்தக் கண்ணாடி. கோயில் பக்கம் போகாதவனும் அதன்முன் ஒரு கணம் நிற்கத்தான் வேண்டும்.

1851இல் அவர் மறைந்தார். எட்டாண்டுக்குப்பின், 1859 ஜூலை 26இல், சென்னை ஆளுநர் டிரெவெல்யனின் நெருக்குதலால் திருவிதாங்கூர் பணிந்தது. மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக்கூடாது! கொடுத்த உரிமையிலும் ஒரு கொக்கி!

பழங்கதை என்று மடித்து வைத்துவிட முடியுமா? 1786இல், ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூசியானாவிலே, அடிமையல்லாத கறுப்பினப் பெண்கள்கூடத் தலைமுடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. பிறவிச் சுருள்முடிக்காகவும் பின்னலுக்காகவும் வேலையிடத்தில் அவர்களை ஒதுக்கக்கூடாது என்று கலிபோர்னியா சட்டம் செய்ய 2019 ஆயிற்று. அந்தச் சட்டத்தின் பெயர் கிரவுன். மகுடம்! நம் தமிழிலே கூந்தலும் முடி, மகுடமும் முடி. முத்துக்குட்டியிடம் பறித்ததும் அந்த முடிதானே!

நம் திருப்பெரும்புதூருக்கே வருவோம். அங்குள்ள பாக்ஸ்கான் ஆலையின் கைப்பேசி வரிசையில் மணமான பெண்களை ஒதுக்குகிறார்கள், மெட்டியும் தாலியும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, தேசிய மனித உரிமை ஆணையம் விளக்கம் கேட்டது. தூசு புகாதிருக்கத் தொப்பி போடு என்பது தொழிலின் விதி. எந்திரத்தருகே நகையைக் கழற்று என்பதும் பாதுகாப்பு விதி. ஆனால் மணமானவள், கறுத்தவள், பருத்தவள் என்று வாசலிலேயே தரம் பிரிப்பது தொழிலின் விதியா? பழைய திருவிதாங்கூரின் விதி!

ஒரகடத்து இரவுப்பணி முடித்துப் பேருந்து ஏறும் தங்கையின் நிறத்தையும் உருவத்தையும் சொல்லிச் சிரிப்பவன் மேலாளராக இருக்கலாம். நம் சங்கத்துத் தோழனாகவும் இருக்கலாம். எவனாயினும், அவன் வாயை அடைப்பது நம் வேலை. அவளுக்குக் கூலி கேட்கும் நாம், அவள் தலைநிமிர்வையும் சேர்த்தே கேட்போம்!